பற்றுச்சீட்டில் இரண்டு பெயர்கள்

சென்ற கிழமை காருக்கு நாலு ஸ்னோ ரயர் வாங்கிப் பூட்டினேன். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் கோடை ரயரின் ரப்பர் இறுகிவிடும், வீதியைப் பிடிக்காது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நவம்பர் பிறந்தால் எந்த விடியற்காலையும் அப்படி விடியலாம். பழைய ஸ்னோ ரயர்களில் பள்ளம் 4 மில்லிமீற்றருக்குத் தேய்ந்துவிட்டது. அதோடு பனியில் இறங்கக்கூடாது. புது ரயரின் பக்கச்சுவரில் இருந்த நாலு இலக்கத்தைக் குனிந்து பார்த்தேன். 3125. அதாவது 2025ஆம் ஆண்டின் 31ஆவது கிழமையில் செய்த ரயர். ரயர் வாங்குகிற எல்லோரும் பார்க்கவேண்டிய இலக்கம் அது. வருஷக்கணக்கில் களஞ்சியத்தில் கிடந்த ரயரும் கண்ணுக்குப் புதிதாகத்தான் தெரியும்.

காருக்குள் ஏறியிருந்து பற்றுச்சீட்டைப் பார்த்தேன். மேலே கனடியன் ரயர் என்ற பெயர்; ரயரோடு வீட்டுச் சாமானும் விற்கும், கனடா முழுக்க இருக்கும் கடைச் சங்கிலி. கீழே சின்ன எழுத்தில் இன்னொரு கம்பனி, ஒருவருடைய குடும்பப் பெயரோடு ‘லிமிட்டெட்’ என்று முடிந்தது. அன்று பின்னேரம் மச்சானோடு கதைக்கும்போது இதைச் சொன்னேன்.

“அத்தான், நான் கனடியன் ரயர் ஷெயர் கொஞ்சம் வைச்சிருக்கிறன். அப்ப நீங்கள் குடுத்த காசில எனக்கும் ஒரு துளி வரும்தானே?”

“வரும். ஆனா நீ நினைக்கிற வழியால வராது.”

முப்பது வருஷமாகச் சின்னக் கடைகளுக்குக் கணக்கெழுதுகிறவன் நான். எங்கட சனம் மிச்சம் பிடித்த காசைப் பங்குச்சந்தையில் போடும்போது பெரும்பாலும் தெரிந்த பெயராகப் பார்த்துத்தான் போடும். நாங்கள் காசு வைத்திருக்கும் வங்கி, போன் கம்பனி, சாமான் வாங்கும் கடை. தெரிந்த பெயரில் போடுவதை நான் பிழை சொல்லமாட்டேன். பெயரைத் தாண்டி உள்ளே போய்ப் பார்க்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. மச்சானுக்குச் சொல்லத் தொடங்கிய பதில் ஒரு போன் பேச்சில் முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

1922 செப்டெம்பரில் பில்ஸ் சகோதரர்கள் இருவர், ஜோன் வில்லியமும் அல்பிரட் ஜாக்சனும், தங்கள் சேமிப்பான 1,800 டொலரைப் போட்டு ரொறன்ரோவில் ஒரு ரயர்க் கடையையும் கராஜையும் வாங்கினார்கள். 1927இல் ‘கனடியன் ரயர் கோர்ப்பரேஷன்’ என்று பதிந்தார்கள். கேட்பதற்குப் பெரிதாக இருக்கவேண்டும் என்றுதான் அந்தப் பெயரை வைத்தார்களாம். 1934இல் ஹமில்ரன் நகரில் வேறொருவர் தன் காசைப் போட்டு, இவர்களுடைய பெயரில், இவர்களுடைய சரக்கை விற்கும் கடையைத் திறந்தார். இன்றைக்கு நாடு முழுவதும் இருக்கும் ஐந்நூறு அளவிலான கடைகளும் அந்த ஹமில்ரன் கடையின் வழியில் வந்தவை. பற்றுச்சீட்டில் இரண்டாவது பெயர் வந்ததும் அந்த வழியால்தான்: அது அந்தக் கடையைத் தன் காசில் நடத்தும் டீலரின் கம்பனி.

கடைக்குள் இருக்கும் தட்டுகள், சரக்கு, ரயர் கழற்றும் மெசின், வேலைசெய்யும் பிள்ளைகளின் சம்பளம் எல்லாம் டீலருடைய பொறுப்பு. சரக்கைத் தெரிவுசெய்து மொத்தமாக வாங்கி அனுப்புவது, விளம்பரம், பெயர் ஆகியவை கோர்ப்பரேஷனுடையவை. அப்படியென்றால் மச்சான் பங்கு வைத்திருக்கும் கம்பனியின் முதல் வாடிக்கையாளர் டீலர்தான். நான் அவருக்குப் பின்னால் வருகிறேன். என்னுடைய நாலு ரயரும் லொறியில் வந்து டீலரின் பின்கதவில் இறங்கியபோதே கோர்ப்பரேஷனின் புத்தகத்தில் வருவாயாக ஏறிவிட்டன. நவம்பரில் நான் கொடுத்த காசு டீலரின் கல்லாவுக்குப் போனது.

ஆண்டறிக்கையில் ‘சில்லறை விற்பனை’ என்று ஒரு வரி இருக்கும், ‘வருவாய்’ என்று இன்னொரு வரி இருக்கும். பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாசிக்கிறார்கள். முதலாவது கடை வாசலில் சனம் கொடுத்த காசு. இரண்டாவதில் பெரும்பகுதி டீலர்களுக்கு அனுப்பிய சரக்கின் காசு. பனி பிந்தினால் ஸ்னோ ரயரும் பனி அள்ளும் சவலும் உப்பும் டீலரின் பின்னறையில் தேங்கும். கோர்ப்பரேஷனின் வருவாயில் அந்த வருஷம் ஒன்றும் தெரியாது. அடுத்த வருஷம் டீலர், “போன வருஷத்துச் சரக்கே கிடக்குது, கொஞ்சமாய் அனுப்புங்கோ” என்பார். அப்போதுதான் அடி தெரியும். இந்த இரண்டு வரிக்கும் இடையில் உள்ள இடைவெளியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கடை வாசலில் விற்பனை நிலையாக இருக்க வருவாய் மட்டும் விழுந்தால், டீலர்கள் இருப்பைக் குறைக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்து விழுந்தால் சனத்தின் கையில் காசில்லை.

2022 தொடக்கம் 2024 வரையான மூன்று ஆண்டறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வருவாய் 2022இல் 17.81 பில்லியன் டொலர், 2023இல் 16.66, 2024இல் 16.36. மெல்ல மெல்ல இறங்கியது. ஒரு பங்குக்கான இலாபத்தைப் பார்த்தால் 2022இல் 17.60 டொலர், 2023இல் 3.78, 2024இல் 15.92. வருவாய் இவ்வளவு சிறிதாக இறங்க இலாபம் ஏன் கிணற்றில் விழுந்து மேலே வந்தது? பயந்து விற்றவர்களும் உண்டு.

2014இல் ஸ்கோஷியா வங்கி, கனடியன் ரயரின் கடன் அட்டைத் தொழிலில் 20 வீதத்தை 500 மில்லியன் டொலருக்கு வாங்கியது. விரும்பினால் அதைக் கனடியன் ரயருக்கே திரும்ப விற்கும் உரிமையும் வங்கிக்கு ஒப்பந்தத்தில் இருந்தது. 2023இல் அந்த 20 வீதத்தையும் கனடியன் ரயர் 895 மில்லியன் கொடுத்துத் திரும்ப எடுத்தது. புத்தகத்தில் குறித்திருந்த பெறுமதிக்கும் கொடுத்த காசுக்கும் இருந்த வித்தியாசம் மட்டும் 300 மில்லியனுக்கு மேல். அது அப்படியே அந்த வருஷ இலாபத்தைத் தின்றுவிட்டது. அதே 2023 மார்ச்சில் பிரம்ரனில் இருந்த அவர்களுடைய களஞ்சியம் ஒன்றிலும் தீப்பிடித்தது. பிறகு 2024இல் எண் ஏறியதற்கு பிரம்ரனில் ஒரு களஞ்சியச் சொத்தை விற்ற இலாபமும் சேர்ந்த காரணம். 3.78ஐப் பார்த்துக் கடை மூழ்குகிறது என்று நினைத்தவரும், 15.92ஐப் பார்த்துக் கடை நிமிர்ந்துவிட்டது என்று நினைத்தவரும் ரயர் விற்பனையைப் பற்றி ஒன்றும் அறியவில்லை. இப்படி ஒருமுறை மட்டும் வந்துபோகும் வரவு செலவுகளைக் கழித்துவிட்டுக் கம்பனியே தரும் எண்கள் 2023க்கு 10.37, 2024க்கு 12.62. கம்பனி தானே கழித்துத் தருவதால் அதையும் ஒரு கண் வைத்துத்தான் வாசிப்பேன். என்றாலும் இந்த இரண்டு வருஷத்துக்கும் உண்மைக்குக் கிட்ட நிற்பது அதுதான்.

அந்தக் கடன் அட்டைத் தொழிலை ஏன் இவ்வளவு விலை கொடுத்துத் திரும்ப எடுத்தார்கள்? நான் ரயருக்குக் காசு கட்டியதே அவர்களுடைய ட்ரையாங்கிள் மாஸ்ரர்காட்டால்தான். அதைக் கொடுப்பது கனடியன் ரயர் வங்கி. சனம் அந்த அட்டைகளில் வைத்திருக்கும் கடன் 7 பில்லியன் டொலருக்கு மேல். மொத்த வருவாயில் இந்தத் தொழிலின் பங்கு பத்தில் ஒன்றை ஒட்டித்தான் வரும்; இலாபத்தில் அதைவிடப் பெரிய பங்கு. அட்டையை மாத முடிவில் முழுதாகக் கட்டாதவர் கட்டுகிற வட்டி அங்கேதான் போய்ச் சேர்கிறது. பொருளாதாரம் சுணங்கி, கட்டமுடியாதவர் தொகை கூடினால் முதலில் நோவதும் அங்கேதான். ரயர்க் கடையின் பங்கை வாங்குகிறவர் வங்கிப் பங்கைப் பார்ப்பதுபோலவும் பார்க்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்.

நிலமும் இருக்கிறது. 2013இல் கடைகள் நிற்கும் காணி கட்டடங்களைச் சி.ரி. ரீட் என்ற தனி முதலீட்டு நிதியமாக்கிப் பங்குச்சந்தையில் விட்டார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இன்றும் கனடியன் ரயரிடம்தான். அதற்கு வரும் வாடகையில் பத்தில் ஒன்பது பங்கு அளவில் கட்டுவதும் கனடியன் ரயர்தான். என்னுடைய நாலு ரயர், சரக்கு விற்ற காசாக ஒரு பொக்கற்றுக்கும் வாடகையாக இன்னொன்றுக்கும் அட்டை வருமானமாக மூன்றாவதுக்கும் போகிறது.

1991இல் நாங்கள் நாலு பொடியன்கள் ஒரு பேஸ்மென்றில் இருந்தோம். முதல் பனி கொட்டிய அன்று மேல்வீட்டு அன்ரி ஒரு பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே கட்டுக்கட்டாகச் சின்ன நோட்டுகள். ஐந்து சதம், பத்துச் சதம், ஐம்பது சதம். ஒவ்வொன்றிலும் ஸ்கொட்லாந்துத் தொப்பி போட்ட மீசைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். தொட்டால் காசுத்தாள், தொடரிலக்கமும் இருந்தது. “இது எந்த நாட்டுக் காசு?” என்று கேட்டேன். கனடியன் ரயரில் மட்டும் செல்லும் என்றார். எண்ணிப் பார்த்துக் கொண்டுபோய் ஒரு பனிச் சவல் வாங்கினோம். காசாளர் பிள்ளை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எண்ணி எடுத்தது இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

அந்தக் காசு 1958இல் அவர்களுடைய பெற்றோல் நிலையங்களில் தொடங்கியது. அல்பிரட் பில்ஸின் மனைவி மூரியல் சொன்ன யோசனை என்பார்கள். 2018இல் அந்தத் திட்டம் ட்ரையாங்கிள் ரிவோர்ட்ஸ் என்று மாறியது. ஒரு கடை தன் பெயரில் அச்சடித்த தாளை நாடு முழுக்கச் சனம் மேசை லாச்சியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. அந்த நம்பிக்கை ஐந்தொகையில் எந்த வரியிலும் இல்லை. ஆனால் கனடியன் ரயரின் வணிகக்குறிகளை எடைபோட உட்கார்ந்தால் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

சட்டப்படி பார்த்தால் ‘கனடியன் ரயர்’ ஒரு பலவீனமான பெயர். கனடாவில் ரயர் விற்கிற எவரும் சொல்லக்கூடிய இரண்டு சொற்கள். பொருளையும் இடத்தையும் அப்படியே சொல்லும் சொல்லை ஒருவர் தனக்கென்று பதிந்துகொள்ள வணிகக்குறிச் சட்டம் இலேசில் விடாது. நெடுங்காலப் பாவனையால் அந்தச் சொல்லைக் கேட்டதும் சனத்துக்கு இந்தக் கடைதான் ஞாபகம் வருகிறது என்று காட்டவேண்டும். நூறு வருஷம் அந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறது. தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணமும் அதன் மேல் இருக்கும் பச்சை மேப்பிள் இலையும் அந்த இரண்டு சொற்களைவிட வலுவான குறி. கியூபெக்கில் ரயருக்கு ‘ப்னே’ என்பார்கள்; ‘ரீர்’ என்றால் மேப்பிள் பாகைப் பனியில் ஊற்றி எடுக்கும் மிட்டாய். பெயர் ரயரென்று விளங்காத மாகாணத்திலும் முக்கோணம் விளங்குகிறது. 2025 ஜூன் 1இலிருந்து அங்கே கடை முகப்பில் வேற்றுமொழி வணிகக்குறி இருந்தால் பிரெஞ்சு அதைவிடத் துலக்கமாக நிற்கவேண்டும் என்ற சட்டமும் வந்துவிட்டது.

பெயரைக் காக்கப்போய் அவர்கள் தோற்ற வழக்கும் ஒன்றுண்டு. கனடாச் சனம் அந்தக் கடையைச் செல்லமாகவும் கோபமாகவும் ‘கிரப்பி ரயர்’ என்று சொல்லும். சொத்தி ரயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் ஒருவர் இணைய முகவரி எடுத்து வைத்திருந்தார். 2001இல் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் நடுவர்களிடம் அதைப் பறித்துத் தரச் சொல்லிக் கனடியன் ரயர் கேட்டது. கிடைக்கவில்லை. அது சரியான முடிவு என்பதே என் எண்ணம். கடைக்குப் பெயர் வைக்கும் உரிமை கம்பனிக்கு உண்டு. பட்டப்பெயர் வைக்கும் உரிமை வாடிக்கையாளருக்கு இருக்கிறது.

மற்றப் பெயர்களும் இருக்கின்றன. மோட்டோமாஸ்ரர், மாஸ்ரர்கிராஃப்ற், கன்வஸ், நோமா என்று கடைக்குள் காணும் பல பெயர்கள் இவர்களுடைய சொந்தப் பெயர்கள்தான். செய்வது வேறு தொழிற்சாலைகள். குறி மட்டும் இவர்களுடையது. கடைகளில் விற்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப்பட்ட சொந்தக் குறிகள். ஒரே மோட்டோமாஸ்ரர் பற்றரியை நான் கொஸ்ற்கோவில் விலை ஒப்பிடமுடியாது, அங்கே அது இல்லை. சொந்தக் குறியின் முழுப் பலமும் அவ்வளவுதான், ஆனால் அது சின்னப் பலமில்லை.

2025இல் நடந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிது. 1670இல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே கம்பனி மார்ச் மாதம் கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. கடைகள் மூடின, ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். தட்டுகள்கூட விற்பனைக்கு வந்தன. அந்த நேரத்தில் கனடியன் ரயர் 30 மில்லியன் டொலர் கொடுத்து அவர்களுடைய பெயர், சின்னம், கம்பளிப் போர்வையில் வரும் பச்சை சிவப்பு மஞ்சள் கருநீலக் கோடுகள் ஆகியவற்றை வாங்கியது. ஜூன் தொடக்கத்தில் கைமாறியது. ஒரு ரயர்க் கடை 355 வயதான பெயரை வாங்கியிருக்கிறது. ஹெலி ஹான்சன் என்ற நோர்வே உடுப்புக் கம்பனியை 2018இல் 985 மில்லியனுக்கு வாங்கி, அதையும் இதே வருஷம்தான் விற்றார்கள். ஒரு கையால் பெரிய கம்பனியைக் கொடுத்துவிட்டு, மறு கையால் வெறும் கோடுகளை எடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவர்களுடைய நோக்கம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது: கனடாவுக்குள்ளே, கனடாப் பெயர்களை வைத்துப் பிழைப்பது. அது நல்ல முடிவென்றே நினைக்கிறேன். வெளியே போய் முன்னரே சூடு கண்டவர்கள். 1982இல் ரெக்ஸாஸில் வைற் ஸ்ரோர்ஸ் என்ற கடைச் சங்கிலியை வாங்கி, சில வருஷத்திலேயே பெரும் நட்டத்தோடு திரும்பினார்கள்.

ஆனால் வாங்கிய கோடுகளை அலுமாரியில் பூட்டி வைக்கமுடியாது. கனடாச் சட்டத்தில் ஒரு வணிகக்குறியைத் தொடர்ந்து மூன்று வருஷம் பாவிக்காமல் விட்டால், அதைப் பதிவிலிருந்து நீக்கும்படி எவரும் கேட்கலாம். கம்பளி, துவாய், கோப்பை என்று ஏதாவது ஒன்றில் கோடு விழுந்துகொண்டே இருக்கவேண்டும்.

போட்டியாளரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கனடியன் ரயருக்கு ஒரு போட்டியாளர் இல்லை. ரயரை மட்டும் எடுத்தால் கொஸ்ற்கோ, வோல்மார்ட், மேற்கே 1953இல் வேர்ணன் நகரில் தொடங்கிய ‘கல் ரயர்’ கம்பனி, பிறகு எங்கட ஆட்கள் நடத்தும் மூலைக் கராஜ்கள். மரவேலைச் சாமானுக்கு ஹோம் டிப்போ. உடுப்புக்கு, விளையாட்டுச் சாமானுக்கு வேறுவேறு ஆட்கள். 1994இல் வோல்மார்ட் 122 வுல்கோ கடைகளை வாங்கிக்கொண்டு கனடாவுக்குள் வந்தபோது கனடியன் ரயரின் கதை முடிந்தது என்றார்கள். 2013இல் ரார்கெற் வந்தபோதும் சொன்னார்கள். ரார்கெற் இரண்டு வருஷத்தில் 133 கடையையும் மூடிவிட்டுப் போனது. எனக்குப் பயமுள்ள போட்டி கொஸ்ற்கோதான். ரயரில் அவர்கள் பெரிதாக இலாபம் பார்க்கத் தேவையில்லை, அங்கத்துவக் கட்டணம் இருக்கிறது.

இனி, மச்சானிடம் நான் உண்மையில் சொல்ல விரும்பிய விஷயம். அவனிடம் இருப்பது ‘சி.ரி.சி. ஏ’ என்ற பங்கு. வாக்குரிமை இல்லாத பங்கு. அப்படிப்பட்டவை 5 கோடி அளவில் இருக்கின்றன. வாக்குரிமை உள்ள சாதாரணப் பங்குகள் சுமார் 34 இலட்சம் மட்டுமே. அதில் 61.4 வீதம் நிறுவனரின் மகள் மார்த்தா பில்ஸின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அந்த ஒரு கைப்பிடிதான் 16 பில்லியன் டொலர்க் கம்பனியின் சுக்கான்.

1986இல் இந்தக் கைப்பிடிக்கு விலை பேசப்பட்டது. டீலர்கள் சேர்ந்து ஒரு கம்பனி தொடங்கி, சாதாரணப் பங்கில் 49 வீதத்தை, பங்கொன்று 160.24 டொலருக்கு வாங்க முன்வந்தார்கள். அன்று ‘ஏ’ பங்கு பதினைந்து டொலரைச் சுற்றி நின்றது. பில்ஸ் குடும்பத்தின் மூன்று பிள்ளைகளும் விற்கத் தயார். ‘ஏ’ பங்குக்காரரைக் காப்பதற்கென்று 1983இல் ஒரு விதி எழுதியிருந்தார்கள்: சாதாரணப் பங்கில் பாதிக்கு மேல் ஒருவர் விலைகேட்டு வாங்கினால் ‘ஏ’ பங்குக்கும் வாக்குரிமை வந்துவிடும். அதனால்தான் 49 வீதம். டீலர்களிடம் ஏற்கெனவே 17 வீதமளவில் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் கம்பனி அவர்களுடையது, விதியோ தொடப்படாமல் கிடக்கும். சட்டத்தின் எழுத்துப்படி அதில் குற்றமில்லை.

1987 ஜனவரியில் ஒன்ராறியோ பிணையங்கள் ஆணைக்குழு அதை நிறுத்தியது. எழுத்தை மீறாவிட்டாலும் சாதாரண முதலீட்டாளரின் நம்பிக்கைக்கும் சந்தைக்கும் செய்யும் துஷ்பிரயோகம் இது என்றது. நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். பதினைந்து டொலர்ப் பங்கை வைத்திருந்த, பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான மச்சான்களுக்காக ஓர் அரச அமைப்பு எழுந்து நின்றது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மச்சான் கேட்டான், “அப்ப என்னட்ட ஒரு வோட்டும் இல்லையோ அத்தான்?”

ஒன்றிருக்கிறது. ‘ஏ’ பங்குக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து இயக்குநர்களில் மூவரை, அல்லது ஐந்தில் ஒரு பங்கினரை, இதில் எது கூடவோ அத்தனை பேரைத் தெரிவுசெய்யலாம். அதற்கான படிவம் வசந்தத்தில், மே மாதக் கூட்டத்துக்கு முன்னர் வரும். எத்தனை வருஷமாய் வந்தது என்று கேட்டேன். வங்கி விளம்பரம் என்று நினைத்து உடைக்காமல் மீள்சுழற்சி நீலப்பெட்டிக்குள் போட்டுவிட்டதாகச் சொன்னான். வருகிற முறை உறையை உடைக்காமல் என்னிடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அந்த மூன்று பேரும் யார், எங்கே வேலை செய்தவர்கள், மற்றவர்கள் கைதூக்கிய இடத்தில் எதையாவது கேள்வி கேட்டிருக்கிறார்களா என்று இரண்டு பேரும் இருந்து தேடிப்பார்க்கப் போகிறோம்.